வானம் கொடுக்காத எண்பது லிட்டர்

எங்கள் ஊர் மேட்டில் ஒரு நாள் வானத்திலிருந்து நூற்றிருபது லிட்டர் மழை விழுந்தது. அதே இடத்திலிருந்து இருநூறு லிட்டர் தண்ணீர் வழிந்து வந்தது. 1979-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். சர்க்கார் நோட்டில் கையெழுத்தோடு இருக்கிறது. வானம் கொடுக்காத அந்த எண்பது லிட்டர் எங்கிருந்து வந்தது என்று பெரிய படிப்பாளிகள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றால், மாட்டேன். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதைச் சுமந்தவள் நான்தான். எண்பது லிட்டர் மட்டும் இல்லை, கிட்டத்தட்ட இருநூறும். பதினாலு குடம்.

என் பெயர் சிவபாக்கியம். கோடைக்கானல் மலையில் கவுஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு மைல் மேடேறினால் வரும் பூம்பள்ளம்தான் ஊர். ஊர் என்றால் இரண்டே தெரு, மேலத்தெருவும் கீழத்தெருவும். நான் கீழத்தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவள். எங்கள் வீடு மலைச்சரிவு முடிகிற இடத்தில், சரிவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்கும் சரிவுக்கும் நடுவில் அடுக்கடுக்காக நாலு வயல். வெள்ளைப்பூண்டு போடுவோம். அந்த நாலு வயலையும் வீட்டையும் விட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

இரண்டு தெருவுக்கும் எப்போதும் ஆகாது. சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எதில் எடுத்தாலும் போட்டி. அம்மன் கொண்டாட்டத்துக்கு முளைப்பாரி எடுத்தால் எந்தத் தெருவின் பயிர் அடர்த்தி என்று பார்ப்பார்கள். எப்போதும் கீழத்தெருதான். எங்கள் பாரியில் விரலை விட்டால் விரல் திரும்பி வராது, அப்படி நெருக்கமாக வளர்ப்போம். மேலத்தெருவுக்கு அதில் தீராத எரிச்சல். அதிலும் சோலையம்மாளுக்கு. சோலையம்மாள் என் வீட்டுக்காரரின் தங்கை, மேலத்தெரு மலைச்சாமிக்கு வாக்கப்பட்டவள். நாத்தனார் பக்கத்து ஊரில் இருந்தாலே தலைவலி. எனக்கு வாய்த்தவள் பக்கத்துத் தெருவில்.

அந்த வருஷம் ஆடியில் சுவாமிநாதன் என்று ஓர் ஆபீசர் வந்தார். மண்ணைக் காப்பாற்றுகிற இலாகாவாம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை, மேடு பள்ளம் பார்க்காமல் வளர்ந்தவர். இரண்டு ஸ்வெட்டர் போட்டு, மஃப்ளர் சுற்றி, அதற்கு மேலும் நடுங்கிக்கொண்டு இருப்பார். எங்கள் மேல்வயலுக்கு மேலே சரிவில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டை நிலம் அளந்தார். ஒவ்வொன்றும் பத்து மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம். சுற்றிலும் செங்கல் பதித்து, அடியில் சிமெண்டு வாய்க்கால் கட்டி, வாய்க்கால் முடிவில் பட்டைக்கொரு தார் டிரம்மைக் குழி வெட்டி இறக்கினார். மேலே மூடி. ஒரு பட்டையில் புல் வளர வேண்டும். இன்னொன்றில் ஒரு பச்சை தலைகாட்டக் கூடாது, மொட்டையாகக் கிடக்க வேண்டும்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போதுதான் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார். தெருச்சண்டை வரக்கூடாது என்று, புல்லுக்குக் கீழத்தெருப் பெண்களையும் மொட்டைக்கு மேலத்தெருப் பெண்களையும் வைத்தார். சோலையம்மாள் விடுவாளா?

"ஏன் சார், அவுகளுக்குப் பச்சை, எங்களுக்கு மொட்டையா? நாங்க என்ன பாவம் பண்ணுனோம்?"

"ரெண்டும் முக்கியம்தாம்மா. மழை பெஞ்சதும் டிரம்மைத் திறந்து பார்ப்போம். எது ஜெயிக்குதுன்னு தெரிஞ்சிடும்."

"எது சார் ஜெயிக்கும்?" என்று நான் கேட்டேன்.

"அதை இப்பச் சொல்லக்கூடாது. சொன்னா நீங்க அதுக்கேத்த மாதிரி எதாவது பண்ணுவீங்க. சோதனை கெட்டுடும்."

எவ்வளவு ஞானம் பாருங்கள். ஜெயிப்பு என்றால் என்னவென்றே சொல்லாமல் இரண்டு தெருவுக்கும் பந்தயம் கட்டிவிட்டு, அந்தப் பிள்ளை கவுஞ்சியில் வாடகை அறைக்குத் தூங்கப் போய்விட்டது.

நாங்கள் புல்லை முளைப்பாரி மாதிரிதான் வளர்த்தோம். ஒவ்வொரு தண்டாக நட்டு, ஆட்டுப்புழுக்கை பொடித்துத் தூவி, காய்ந்த நாளில் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் சுற்றி நின்று கும்மி கூட அடித்தோம். ஆவணி முடிவதற்குள் மண் கண்ணுக்குத் தெரியவில்லை. மேலத்தெருக்காரிகளும் சளைத்தவர்கள் இல்லை. காலையில் வந்து வரிசையாகக் குந்தி, ஊசிமுனை அளவு முளையைக் கூட நகத்தால் கிள்ளி எடுத்தார்கள். பிறகு விளக்குமாற்றால் கூட்டினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சோலையம்மாள் அந்த மொட்டை நிலத்தில் இருபத்தொரு புள்ளி வைத்துக் கோலமே போட்டுவிட்டாள். சுவாமிநாதன் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கோலமாவும் மூடாக்குத்தாம்மா! மண்ணை எதுவும் மூடக் கூடாது. அழிங்க, அழிங்க!"

போட்ட கோலத்தை ஆபீசர் அழிக்கச் சொன்னார் என்று அவள் மூன்று நாள் அழுதாள். எனக்கு மூன்று நாளும் சோறு ருசித்தது.

ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் முழுக்க மழை கொட்டியது. மறுநாள் காலை இரண்டு தெருவும் மேட்டில் கூடிவிட்டது. சுவாமிநாதன் எட்டு மணிக்கு அளவுகோலோடு வந்தார். முதலில் மொட்டையின் டிரம். மூடியைத் தூக்கினால் விளிம்பு வரை நிறைந்து, டீத்தண்ணி நிறத்தில் தளும்பிக்கொண்டு நிற்கிறது. மேலத்தெருக்காரிகள் போட்ட குலவை அடுத்த ஊர் போளூருக்குக் கேட்டிருக்கும். அடுத்தது எங்கள் டிரம். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். அடியில் மூன்று விரல் தண்ணீர். தெளிவாக, எங்கள் முகம் தெரிகிற மாதிரி.

சுவாமிநாதன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? நிறைகுடம் எதிரே வந்தால் போகிற சோலி ஜெயம், வெறுங்குடம் வந்தால் வீட்டுக்குத் திரும்பி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிற ஊர் இது. இரண்டு டிரம்மைப் பக்கத்தில் வைத்து, ஒன்று தளும்பி ஒன்று காய்ந்து கிடந்தால், எது ஜெயித்தது என்று யாராவது கேட்பார்களா?

சோலையம்மாள் தன் டிரம்முக்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மதினி, ஒங்க டிரம்முல எறும்புக்கு நீச்சல் பழக்கலாம்."

மயில்சாமி அன்று சோறு தின்னவில்லை. மயில்சாமி என் புருஷன். பேரைச் சொல்கிறேன்; இந்த வயசில் என்ன வெட்கம். தங்கச்சியிடம் தோற்றுப்போன துக்கத்தில் அந்த மனுஷர் பூண்டு வயல் வரப்பில் போய் உட்கார்ந்து, புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி மென்றுகொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்த்து இரக்கம் வரவில்லை. ஆத்திரம் வந்தது. இரண்டு மாதம் என் பிள்ளையை வளர்த்ததுபோல் வளர்த்தேன் அந்தப் புல்லை. அது என்னை இப்படி நடு ஊரில் நிறுத்திவிட்டதே!

அடுத்த மழை வெறும் தூறல். மறுநாள் வெள்ளனே, ஒரு வீட்டிலும் அடுப்புப் புகை எழும்பாத நேரத்தில், குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். சரிவின் ஓரத்தில் ஊற்று, அங்கிருந்து ஐம்பது அடி வைத்தால் டிரம். மூன்று குடம் ஊற்றினால் மானம் தப்பும் என்றுதான் போனேன். மூன்று ஊற்றியதும், மேலத்தெரு டிரம்மில் எவ்வளவு இருக்குமோ என்று தோன்றியது. அவர்கள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் கால்வாசி. எனக்குக் கை நிற்கவில்லை. பதினாலு குடம். விளிம்பு தட்டிய பிறகுதான் இடுப்பை நிமிர்த்தினேன்.

எட்டு மணிக்கு சுவாமிநாதன் எங்கள் மூடியைத் தூக்கினார். கோலை விட்டார், எடுத்தார், துடைத்தார், மறுபடி விட்டார். பிறகு ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மூணு மில்லிமீட்டர்தான் மழை. நாப்பது சதுர மீட்டர். விழுந்தது அத்தனையும் ஓடி வந்தாக்கூட நூத்தி இருபது லிட்டர். இதுல இருநூறு இருக்கு."

"எங்க கை ராசி சார்" என்றார் மயில்சாமி.

"அதுவும் தெளிஞ்ச தண்ணி. அவுகளுது மாதிரி சாக்கடை இல்ல" என்றேன் நான்.

கீழத்தெரு குலவை போட்டது. சோலையம்மாள் தன் டிரம்மின் மாலையைக் கழற்றிக்கொண்டு போனாள்.

அதன்பிறகு மழை பெய்த மறுநாளெல்லாம் எனக்குப் பதினாலு குடம். சுவாமிநாதனுக்கு வானத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மழை அளக்கிற செம்பை மாற்றினார். பக்கத்தில் இன்னொன்று வைத்தார். மூன்றாவது ஒன்றைத் திண்டுக்கல்லிலிருந்து வரவழைத்தார். மூன்றும் ஒரே அளவைச் சொல்லின. ராத்திரியில் தூக்கம் இல்லை என்றார், கன்னம் ஒட்டிப்போனது. பாவமாக இருந்ததால் தினமும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும்? உண்மையைச் சொல்லலாம்தான். சோலையம்மாள் உயிரோடு இருக்கிற வரை அது ஆகிற காரியமா?

ஏழாவது மழைக்குப் பிறகு, அவருடைய மேலதிகாரி சேனாதிபதி வந்தார். கவுஞ்சியில் ஜீப்பை நிறுத்திவிட்டு, வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்தார். நோட்டைப் புரட்டினார். புல்லைத் தடவிப் பார்த்தார். ஒரு தண்டைக் கிள்ளி வாயில் கூடப் போட்டுப் பார்த்தார்.

"புரிஞ்சிருச்சு. இந்தப் புல்லோட வேர் அடியில இருக்கிற ஈரத்தை உறிஞ்சி மேல தள்ளுது. அதான் பெஞ்சதைவிட அதிகமா வருது."

"சார், அப்படி உலகத்துல எங்கேயுமே கிடையாதே" என்றார் சுவாமிநாதன்.

"எங்கேயும் இல்லாததுக்குப் பேர்தான்யா கண்டுபிடிப்பு."

பத்து நாளில் உத்தரவு வந்தது. இத்துனூண்டு பட்டையே இவ்வளவு தண்ணீரைத் தள்ளினால், புல் மூடிய முழுச் சரிவும் ஒரு நல்ல மழைக்கு ஊரையே அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே மக்களைக் காப்பாற்ற, சரிவில் உள்ள புல் முழுவதையும் கார்த்திகை முடிவதற்குள் வேரோடு செதுக்கி எடுக்க வேண்டும். ஊருக்கே கூலி வேலை. இரண்டு தெருவுக்கும் ஒரே சந்தோஷம். கீழத்தெருவுக்குப் பெருமை வேறு. எங்கள் புல் ஓர் ஊரையே முழுங்கும் என்று சர்க்காரே சொல்லிவிட்டதல்லவா? மயில்சாமி மீசையை முறுக்கிக்கொண்டு அலைந்தார்.

உத்தரவை வாசிக்கக் கேட்டுவிட்டு நான் மேட்டு வழியாக வீட்டுக்கு வந்தேன். மொட்டை நிலத்தைத் தாண்டும்போதுதான் அந்தக் குவியலைக் கண்ணால் பார்த்தேன். மேலத்தெரு டிரம்மின் அடியில் தங்கும் சேற்றை சுவாமிநாதன் ஒவ்வொரு தடவையும் அள்ளி ஓரமாகக் கொட்டி வைத்திருந்தார். என் இடுப்பு உயரம் வந்துவிட்டது. நிலத்தைப் பார்த்தேன். சுற்றிப் பதித்த செங்கல்லுக்கு இரண்டு விரல் கீழே இறங்கிக் கிடந்தது. கல்லெல்லாம் பல் மாதிரி வெளியே தெரிந்தது. பக்கத்தில் எங்கள் புல், வைத்த மட்டத்தில் அப்படியே இருந்தது.

நாலு மீட்டர் அகல நிலத்திலிருந்து ஏழு மழைக்கு இவ்வளவு மண். அண்ணாந்து முழுச் சரிவையும் பார்த்தேன். குனிந்து என் நாலு வயலைப் பார்த்தேன். பூண்டு ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றது. அதற்குப் பின்னால் வீடு. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சரிவை மொட்டையடித்தால் அத்தனை மண்ணும் முதலில் வந்து விழுகிற இடம் என் வயல், அடுத்தது என் வீட்டுச் சுவர். நானே குடம் குடமாகச் சுமந்து என் தலையில் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கே கவுஞ்சிக்கு ஓடினேன். சுவாமிநாதன் அறை வாசலில் நின்று, "சார், டிரம்முல தண்ணி ஊத்துனது நாந்தேன்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினார். "ஏம்மா?"

"நாங்க தோத்துப் போனோம்ல சார்."

"நீங்க எங்கம்மா தோத்தீங்க? நிறையாத டிரம்தாம்மா ஜெயிச்சது! புல்லு இருந்தா மழை மண்ணுக்குள்ள இறங்கிடும், ஓடாது, மண்ணும் அரிக்காது. அதைக் காட்டத்தான் இத்தனை பாடும். மொத நாளே நீங்கதான் ஜெயிச்சீங்க."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மஃப்ளரைப் பிடித்து இழுத்திருப்பேன். "அத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன சார்?"

"சொன்னா சோதனை கெட்டுடும்னுதான்…" என்று இழுத்தார்.

மறுநாள் என்னைச் சேனாதிபதியிடம் அழைத்துப் போனார். கோடைக்கானலில், ஒரு கண்ணாடி ஜன்னல் அறையில் அவர் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஒவ்வொரு மழைக்கும் பதினாலு குடம்?"

"ஆமாங்க."

"யாரும் சொல்லாம, கூலி இல்லாம?"

"ஆமாங்க."

"எதுக்கும்மா?"

"எங்க நாத்தனாகிட்ட தோத்துறக் கூடாதுன்னுங்க."

சேனாதிபதி சுவாமிநாதனைத் திரும்பிப் பார்த்தார். "டெல்லியில பேப்பர் வாசிக்கப் போறேன். நாத்தனார்னு எழுதச் சொல்றியா? நோட்டுல உன் கையெழுத்து இருக்கு, என் கையெழுத்து இருக்கு. அளந்த தண்ணி அளந்ததுதான். போயிட்டு வாங்கம்மா." பியூனை அழைத்து எனக்கு டீ வாங்கித் தரச் சொன்னார். குணமான மனுஷர்தான்.

செதுக்குகிற நாள் வந்தது. காலையிலேயே ஊர் முழுக்க மண்வெட்டியோடு சரிவில் நின்றது. எங்கள் வயலுக்கு நேர் மேலேயிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று முன்னால் நின்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? என் புருஷன். நான் குறுக்கே போய் நின்றேன். இந்த வாயால் என் வாழ்க்கையில் சொல்லாததை அன்று சொன்னேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எங்க புல்லு தண்ணி தரல. நாந்தேன் கொடத்துல சுமந்து ஊத்துனேன். கீழத்தெரு தோத்துப்போச்சு. நான் தோத்துப்போனேன்."

கீழத்தெரு என் மேல் பாய்ந்தது. யாரிடம் என்ன வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார்கள். மயில்சாமி, "ஏலே, இவளுக்கு வெயில் ஏறிருச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கடா" என்றார். வெயில் எங்கே அடித்தது? மேகம் மூடிக்கொண்டு கிடந்தது.

சோலையம்மாள் புருஷன் மலைச்சாமி முன்னால் வந்தார். "அப்ப நாங்கதேன் ஜெயிச்சோம். எங்க மொட்டைதேன் ஒசத்தி. இனி எதுக்கு இங்கன புல்லு? மலை பூராவும் மொட்டை அடிப்போம், வாங்கப்பா!"

அப்போதுதான் என் நிலைமை எனக்கு முழுசாகப் புரிந்தது. புல் ஜெயித்தால் வெள்ளம் வரும் என்று செதுக்குவார்கள். புல் தோற்றால் தோற்ற புல் எதற்கு என்று செதுக்குவார்கள்.

"நெறையாத டிரம்முதேன் ஜெயிச்சதுன்னு ஆபீசரே சொல்லுறாரு!" என்று கத்தினேன். சுவாமிநாதனும் மூச்சிரைக்க ஓடி வந்து, "ஆமா, அதான் உண்மை" என்றார். இரண்டு தெருவும் சேர்ந்து சிரித்தது. எனக்குத் தெரிந்து இரண்டு தெருவும் ஒன்றாகச் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

மயில்சாமி மண்வெட்டியை ஓங்கினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உண்மையைச் சொல்லி ஆயிற்று, ஒருத்தன் நம்பவில்லை. சரி, இவர்களுக்கு எது பிடிக்குமோ அதையே கொடுப்போம் என்று வெறி வந்தது.

"செதுக்குங்க! நல்லாச் செதுக்குங்க! வானம் குடுக்காத தண்ணியக் குடுக்குற புல்லு. சர்க்காரு மூணு செம்பு வச்சு அளந்து எழுதியிருக்கு. எங்கயாவது ஒலகத்துல உண்டா? பங்குனியில ஊத்து வத்துனா ரெண்டு மைலு ஓடைக்கு எறங்குறது யாரு, மம்பட்டி புடிச்ச ஆம்பளைகளா? தண்ணிய ஈனுற புல்ல அறுத்துப் போட்டுட்டு, பொறவு வெறுங்கொடத்தோட மானத்தப் பாத்துக்கிட்டு நில்லுங்க!"

சிரிப்பு நின்றது. பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். முதலில் மண்வெட்டியைக் கீழே போட்டவள் சோலையம்மாள். "மதினி சொல்றது சரிதேன். வெள்ளம் வந்தா வரட்டும், தண்ணி முக்கியம்" என்றாள். மேலத்தெருப் பெண்கள் அவள் பின்னால் போனார்கள். கீழத்தெருப் பெண்கள் ஏற்கெனவே என் பின்னால் வந்திருந்தார்கள். மயில்சாமி ஓங்கிய மண்வெட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் தோளில் வைத்துக்கொண்டார்.

அன்றே மனு எழுதினார்கள். தண்ணீர் தரும் புல்லை அகற்றக் கூடாது. அதோடு, சுற்றியுள்ள மொட்டைச் சரிவிலெல்லாம் அதை நட்டுத்தர வேண்டும். சேனாதிபதிக்கு அப்படி ஒரு சந்தோஷம். தன் கண்டுபிடிப்பை மக்களே புரிந்துகொண்டார்கள் என்று, செதுக்கும் உத்தரவை ரத்து செய்து, புல் நடும் உத்தரவு போட்டார். லாரி லாரியாகப் புல் தண்டு வந்தது. சரிவில் ஆடு ஏறக்கூடாது, அரிவாள் வைக்கக்கூடாது என்று ஊர்க்கட்டு. யாரோ ஒருத்தர் புல்லைச் சாமி என்று மஞ்சள் துணி கூடக் கட்டிவிட்டுப் போனார். நான் அவிழ்த்து எறிந்தேன்.

சுவாமிநாதன் அடுத்த மாசியில் மாற்றலாகிப் போகும்போது சொல்லிக்கொள்ள வந்தார். "அந்த அளவை எழுதும்போது கை கூசுதும்மா" என்றார்.

"ஒங்களுக்கு எழுதுற பாவம் இன்னையோட முடிஞ்சது சார். எனக்குச் சுமக்குற பாவம் இனித்தேன்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னதில்லை. டிரம் அங்கேயே இருக்கிறது. அளக்க ஆள் வந்துகொண்டே இருக்கிறார். மூன்று ஆபீசர் மாறியாயிற்று. ஒரு நாள் மூடியைத் தூக்கி, அடியில் மூன்று விரல் தண்ணீர் இருந்தால் ஊர் என்ன சொல்லும்? புல் மலடாகிப்போயிற்று, செதுக்கு என்று சொல்லும். அதனால் எட்டு வருஷமாக, மழை பெய்த மறுநாள் எல்லாம் வெள்ளனே எழுந்து பதினாலு குடம் சுமக்கிறேன். காய்ச்சலோடு சுமந்திருக்கிறேன். பாச்சலூரில் என் மகள் லீலாவுக்குத் தலைப்பிரசவம் என்று போனபோது, மலை உச்சியில் மேகம் இறங்குவதைப் பார்த்துவிட்டு, பேரன் முகத்தை ஒரு தடவை பார்த்ததோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்தேன். மகள் அதற்காக இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. அவளிடம் என்ன காரணத்தைச் சொல்வது?

இதில் இன்னொரு கொடுமை. எண்பத்து மூன்றில் நாடு முழுக்கப் பஞ்சம், மழையே இல்லை. பங்குனி வந்தது, சித்திரை வந்தது, எங்கள் ஊற்று வற்றவில்லை. சுற்று ஊர்க்காரர்களெல்லாம் வந்து மொண்டுகொண்டு போனார்கள். புல் பிடித்து வைத்த மழை மண்ணுக்குள் இறங்கிக் கசிகிறது என்று, சுவாமிநாதன் சொல்லி எனக்குத் தெரியும். ஊர், "அன்னைக்கே சிவபாக்கியம் சொன்னாளே" என்றது. நான் வாய்க்கு வந்தபடி சொன்ன பொய் அது! அது உண்மையாகிவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொன்ன உண்மையை மட்டும் இன்றுவரை ஒருத்தன் நம்பவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆத்திரமாகத்தான் இருந்தது. அடுத்த மழைக்கும் பதினாலு குடம் சுமந்தேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள் ஐந்தாவது குடத்தோடு வழுக்கி விழுந்தேன். கணுக்கால் பிசகிவிட்டது. குடம் உருண்டு போய் யாரோ காலில் முட்டி நின்றது. நிமிர்ந்தால் சோலையம்மாள், இடுப்பில் ஒரு குடத்தோடு நிற்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"விடுங்க மதினி, நான் ஊத்துறேன். இன்னும் பத்துதானே?"

எண்ணிக்கை கூடத் தெரிந்து வைத்திருக்கிறாள். "ஒனக்கு எப்பலேருந்துடி தெரியும்?"

"நீங்க ஊரு முன்னாடி சொன்ன அன்னைக்கே. தோத்துப்போனேன்னு ஒங்க வாயால வந்தா அது பொய்யாவா இருக்கும்?"

"அப்ப ஏன்டி மொதல்ல மம்பட்டியக் கீழ போட்ட? ஒங்க தெருவுல்ல ஜெயிச்சிருக்கும்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. சரிவுக்குக் கீழே, பூண்டு வயலுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டு ஓட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க ஆத்தா என்னயப் பெத்துப் போட்ட வீடுல்ல மதினி அது" என்றாள்.

"எட்டு வருசமா நான் தூக்குறதப் பாத்துக்கிட்டுச் சும்மாவா இருந்த?"

"ஜெயிச்சவுக சுமக்கட்டும்னு இருந்தேன்."

அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது. கட்டிப் பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது. இரண்டுக்கும் எழுந்து நிற்க முடியவில்லை. அவள் என் குடத்தையும் எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு இறங்கினாள். நகர்ந்து நகர்ந்து போய் மேலத்தெரு டிரம்மின் மூடியில் உட்கார்ந்து நான் அழுதேன். திரும்பி வந்தவள், கால் ரொம்ப வலிக்குதா மதினி என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.